நூறு மைல் சைக்கிள் பயணமா? முதலில் உடம்பைக் கேளுங்கள்!

"அப்பா, நாங்க எட்டுப் பேர் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிள்ல போறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நன்கொடை வாங்கி, வெளிநாட்டுல கஷ்டப்படற பிள்ளைங்க படிப்புக்குக் கொடுக்கப் போறோம்!"

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "வேற வேலை இல்லையா?" என்று உடனே விரட்டாதீர்கள். "போயிட்டு வா" என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் வேண்டாம்.

படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. 2004 டிசம்பர் சுனாமி இலங்கைக் கரையைப் புரட்டிப் போட்டதே, அதன்பின் 2005-ல் தொடங்கியதுதான் 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' என்ற தொண்டு நிறுவனம். முதல் வேலையாக இலங்கையில் 24,000-க்கும் அதிகமான சைக்கிள்களைக் கொடுத்தது. பிறகு ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. ஜாம்பியாவில் நடந்த ஓர் ஆய்வில், சைக்கிள் கிடைத்த மாணவிகள் பள்ளிக்கு மட்டம் போடுவது 28 சதவிகிதம் குறைந்திருந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் தரும் திட்டம் வந்தபின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவிகிதம் கூடியது. நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததை மறக்க முடியுமா!

ஆக, நோக்கம் நல்லதுதான். ஆனால் பணம் திரட்டப் போனவர் நடுவழியில் சுருண்டு விழுந்தால், நன்கொடையாக வந்ததைவிட ஆஸ்பத்திரிச் செலவு அதிகமாகிவிடும்.

ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். புதியவர்களுக்கு இது இரண்டு நாள் பயணம். தினமும் கடைக்குப் போய் வருகிற பழக்கம் மட்டும் போதாது. ஆறிலிருந்து எட்டு வாரம் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுங்கள். அதில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். தூரத்தை வாரா வாரம் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டாதீர்கள்.

சீட்டின் உயரத்தைக் கவனியுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதா? ஹேண்டில்பாரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிப்பதால் நரம்பு நசுங்குகிறது. பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். தொடை இடுக்கிலும் இதே மரமரப்பு வரலாம். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் நிச்சயம். மாற்று உடை கட்டாயம்.

வேம்பாரில் காலைச் சாப்பாடு!

இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், பனங்காடு. பார்க்க அழகு, ஆனால் நிழல் குறைவு. பனை மரத்து நிழலில் எத்தனை பேர் ஒதுங்க முடியும்?

அதனால் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். தருவைகுளம், வைப்பாறு தாண்டி, சுமார் 45 கிலோமீட்டரில் வேம்பார். அந்தக் காலத்து முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்று. நிதானமாக வந்தாலே எட்டரைக்குள் சேர்ந்துவிடலாம். இட்லி சாப்பிட்டுவிட்டு, வேம்பார் கருப்பட்டியில் கொஞ்சம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பத்தரை மணிக்கு மேல் வெயிலில் ஓட்ட வேண்டாம். சாயல்குடிப் பக்கம் நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் தொடருங்கள். இருட்டுவதற்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி இதற்குத் தோதான மாதங்கள். வாடைக்காற்று எதிரே அடிக்கும் என்பதால் வேகம் குறையும். முன்னால் போகிறவரை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். லாரி போகிற சாலை. வரிசையாகத்தான் போகணும், ஹெல்மெட் இல்லாமல் கூடவே கூடாது.

தண்ணீர் குடிக்கவும் கணக்கு உண்டு

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, சிறுகச் சிறுகக் குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வலிப்புகூட வரலாம். எனவே இடையிடையே உப்பு போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் அவசியம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்ந்த நிறமாக இருந்தால் நீர் போதவில்லை.

முதல் ஒரு மணி நேரம் கழிந்ததும், மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மிதிக்காதீர்கள்.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள், நாற்பது வயதைத் தாண்டிய புதியவர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு, மிதிக்க மிதிக்கச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கூட வருகிறவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

ஒருவர் பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறார், சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார், உடம்பு கொதிக்கிறது... இது வெப்பத் தாக்காக இருக்கலாம். "வியர்க்குதே, ஒண்ணும் இருக்காது" என்று நினைக்காதீர்கள். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை இருந்துகொண்டே இருக்கும். உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நெஞ்சு வலி, மயக்கம் என்றாலும் அத்தோடு பயணம் முடிந்தது.

பணத்தில் கவனம்

பயணச் செலவை நன்கொடையில் கழிக்காதீர்கள். சாப்பாடும் தங்குமிடமும் உங்கள் சொந்தக் காசிலேயே இருக்கட்டும். இங்கே திரட்டிய பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப விதிமுறைகள் உண்டு. வசூலைத் தொடங்குவதற்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நன்கொடை கொடுத்தவர்கள், "அத்தனை கிலோமீட்டரையும் முடித்தே ஆகணும்" என்று யாரும் கையெழுத்து வாங்கவில்லை. முடியவில்லையா? வேம்பாரிலேயே இறங்கி, சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு பஸ் பிடியுங்கள். மிதித்த தூரத்துக்கான பணம் அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். மீதியை அடுத்த ஜனவரியில் மிதித்துக்கொள்ளலாம்!