மாண்டல்பாமுக்குக் கிடைத்த இடைவார்: வரைகதையில் துணைக் கதாபாத்திரத்தை வாசிப்பது எப்படி?

துணைக் கதாபாத்திரத்தைப் பற்றிக் கேள்வி வந்தால், மாணவர்கள் பலர் ‘நல்லவர், பொறுமைசாலி’ என்று பண்புநலன்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாதுங்க. அந்தச் சின்னப் பாத்திரத்தால் முதன்மைப் பாத்திரத்தைப் பற்றி நமக்கு என்ன புதிதாகத் தெரிந்தது? கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ வரைகதையை எடுத்துக்கொள்வோம். 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த நூல் இது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்பிழைத்த தந்தை விளாடெக்கின் கதையை மகன் கேட்டு வரைகிறார். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வருகிறார்கள்.

அதில் சில பக்கங்களே வருபவர் மாண்டல்பாம். போருக்கு முன் வசதியாக வாழ்ந்தவர். முகாமில் அவருக்குக் கிடைத்த கால்சட்டை இரண்டு பேருக்கான அளவு. கட்டிக்கொள்ள ஒரு கயிறுகூட இல்லை. ஒரு காலணி காலில் நுழையவே இல்லை. யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாம் என்று அதையும் கையிலேயே சுமக்கிறார். கிண்ணத்தைப் பிடித்தால் காலணி விழுகிறது; காலணியை எடுத்தால் கால்சட்டை நழுவுகிறது.

விளாடெக் அங்கே ஒரு மேற்பார்வையாளனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து அவன் தயவைப் பெற்றிருந்தார். அந்தச் செல்வாக்கை வைத்து நண்பருக்கு ஓர் இடைவார், ஒரு கரண்டி, பொருத்தமான காலணி ஆகியவற்றை வாங்கித் தருகிறார். மாண்டல்பாம் அழுதுவிடுகிறார். பிறகு அவரை வேலைக்கென்று கொண்டுபோய்விடுகிறார்கள். அவர் எப்படி இறந்தார் என்பது விளாடெக்குக்கே உறுதியாகத் தெரியாது.

இப்போது முதுமைக்கால விளாடெக்கைப் பாருங்கள். தெருவில் கிடக்கும் கம்பியைப் பொறுக்குவார், தீக்குச்சிக்குக் கணக்குப் பார்ப்பார். மகனுக்கு அது வெறும் கஞ்சத்தனம், எரிச்சல். ஆனால் ஒரு துண்டுக் கயிறு மனிதனின் மானத்தைக் காக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். தமக்குக் கிடைத்த வாய்ப்பில் நண்பருக்கும் பங்கு கொடுத்தவர். மாண்டல்பாம் வராவிட்டால் இந்த விளாடெக்கை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: எலி முகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எனவே கைகளையும் உடல் நிலையையும் கவனிக்கச் சொல்லுங்கள். கை எதைப் பிடித்திருக்கிறது, எதை விடுகிறது?

மாணவர்களே, விடையில் “விளாடெக் இரக்கமுள்ளவர்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். “இடைவார், கரண்டி, காலணி என்னும் மூன்று பொருள்களைக் கொண்டு, மாண்டல்பாம் பாத்திரம் விளாடெக்கின் மறைந்திருந்த பரிவை வெளிப்படுத்துகிறது” என்று சான்றோடு எழுதுங்கள்.