செனாய்–ஈப்போ: ஒரு மணி நேரமா, ஐந்து மணி நேரமா?

தம்பிக்கு ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அம்மா மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: “அவசரம்னா எத்தனை மணி நேரத்துல வந்து சேருவான்?” பாட்டி படுக்கையில் இருந்த நேரம் அது.

“செனாய்க்கு ஃபிளைட் இருக்கும்மா. ஒரு மணி நேரம்தான்” என்றான் தம்பி.

அந்த ஒரு மணி நேரத்தைச் சோதிக்க, யோங் பெங் வீட்டுச் சமையலறை மேசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

செனாய் விமான நிலையம் வட அட்சரேகை 1.64 பாகையில், கிழக்குத் தீர்க்கரேகை 103.67 பாகையில் இருக்கிறது. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கு 4.57, 101.09. வித்தியாசம் 2.93, 2.58. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு திசையிலும் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆக, வடக்கே 325, மேற்கே 286. பள்ளியில் படித்த பைதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் நேர்தூரம் சுமார் 430 கிலோமீட்டர். (ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் இந்தச் சுருக்கு வழி பலிக்காது. அங்கே ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும்.)

ஏர்பஸ் ஏ320 உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் 31 நிமிடம் போதுமே! ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். காரணம், நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிற்கும்வரை அவர்கள் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். இறங்கும்போது ஓடுபாதையின் திசைக்கு வளைந்து வர வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 நாட், அதாவது சுமார் 460 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

பிறகு வரைபடத்தில் அடிக்கோலை வைத்தேன். செனாயையும் ஈப்போவையும் இணைக்கும் கோடு குளுவாங் மேலேயே போகிறது! வடமேற்கே இருக்கும் ஈப்போவுக்குப் போக, யோங் பெங்கிலிருந்து முதலில் தென்கிழக்கே செனாய்க்கு 90 கிலோமீட்டர் போய், பிறகு நம் ஊர்ப் பக்கமாகவே திரும்பிப் பறக்க வேண்டும்.

செனாய்க்கு ஒன்றேகால் மணி, பதிவுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, விமானத்தில் ஒன்றேகால் மணி, இறங்கி வெளியே வந்து விடுதி சேர முக்கால் மணி. கூட்டினால் நாலே முக்கால் மணி நேரம். நெடுஞ்சாலையில் சுமார் 430 கிலோமீட்டர். இரண்டு இடத்தில் நின்று போனாலும் காரில் ஐந்து மணி. பேருந்தில் ஆறு ஆகலாம், தீபாவளி நெரிசலில் இன்னும் கூடும். அன்றைய விமானம் போய்விட்டால் மறுநாள்தான்.

வீடு ஸ்கூடாயில் இருந்திருந்தால் விமானமே மேல் என்று எழுதியிருப்பேன். ஓர்க்னியில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு நடுவே வெறும் 2.7 கிலோமீட்டர்தான், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும் அதற்கும் விமானம் ஓடுகிறது. நடுவில் கடல், பாலம் கிடையாது. நமக்கு வீட்டுப் பக்கத்திலேயே டோல் சாவடி.

அம்மா நாட்காட்டியின் பின்பக்கத்தில் ‘ஐந்து மணி’ என்று எழுதிக்கொண்டார். தம்பி பேருந்து டிக்கெட் எடுத்தான்.