வெயில் ஊரில் இருட்டறை: கருப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவக் கற்போருக்கு முதல் பாடம் தண்ணீர்

சித்தூர்: கருப்பு-வெள்ளை ஃபிலிமில் படமெடுத்து, அதைத் தாமே கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்க்கும் ஆர்வம் டிஜிட்டல் காலத்திலும் மறையவில்லை. ஆனால், இதைக் கற்பிக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. டெவலப்பர் கரைசல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை விதி. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியிலும் சித்தூரிலும், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்நீரே 30 டிகிரிக்கு மேல் சுடும். எனவே, இப்பகுதியில் இருட்டறைப் பயிற்சி கேமராவில் அன்று, வாளித் தண்ணீரில்தான் தொடங்க வேண்டியுள்ளது.

சிவப்பு விளக்கு எதற்கு?

இருட்டறை என்றதும் திரைப்படங்களில் கண்ட சிவப்பு விளக்கு நினைவுக்கு வரும். அது பிரிண்ட் போடும் காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும். இன்றைய கருப்பு-வெள்ளை ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியையும் உணர்வதால், சுருளை உருளையில் சுற்றி டாங்கிக்குள் வைத்து மூடும் வரை முழு இருட்டு தேவை. இதைக் கைத்தடவலாகவே செய்ய வேண்டும். வீணான ஒரு சுருளைக் கொண்டு முதலில் வெளிச்சத்திலும், பின்னர் கண்களை மூடிக்கொண்டும் பழகுவது வழக்கம். டாங்கியை மூடிய பின் விளக்கைப் போடலாம்.

அதன் பிறகு டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கழுவுதல் என வேலை நகரும். ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கரிய உலோக வெள்ளியாக மாற்றுவது டெவலப்பர். அதன் வேலையை நிறுத்துவது ஸ்டாப் பாத். ஒளிபடாத உப்பைக் கரைத்து நீக்குவது ஃபிக்ஸர்.

வெப்பம் செய்யும் கெடுதல்

வெப்பம் ஏற ஏற டெவலப்பரின் வேகமும் ஏறும். 20 டிகிரியில் 8 நிமிடம் பிடிக்கும் ஃபிலிம், 24 டிகிரியில் சுமார் ஐந்தரை நிமிடத்தில் தயாராகிவிடும். 30 டிகிரியில் அந்த நேரம் இன்னும் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் கழுவினால், கரைசல் ஃபிலிம் முழுவதும் சீராகப் பரவும் முன்பே வேலை முடிந்து, படத்தில் திட்டுகள் விழ வாய்ப்புண்டு. வெந்நீரில் ஜெலட்டின் படலம் ஊறித் தளர்ந்து, நகம் பட்டாலே கீறிவிடும். 20 டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமை உடனே 32 டிகிரி குழாய்நீரில் காட்டினால், படலம் நுண்ணிய சுருக்கங்களாக மடிந்துவிடவும் கூடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியில்லை.

ஐஸ் கட்டி மிதக்கும் வாளியில் மருந்துப் புட்டிகளை நிறுத்திக் குளிர்விப்பதே எளிய தீர்வு. எனினும், 20 டிகிரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, டெவலப்பர் முதல் கடைசிக் கழுவல் நீர் வரை அனைத்தையும் 24 டிகிரியில் வைத்து, நேரத்தைக் குறைத்துக்கொள்வதே இங்கு நடைமுறைக்கு ஒத்தது. நேரம் மிகவும் சுருங்கினால், டெவலப்பரைச் சம அளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்து நீட்டிக்கலாம். புதிய லென்ஸ் வாங்கும் முன் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குவது இப்பகுதிக் கற்போருக்கு மேல்.

ஃபிலிம் தயாரிப்புக்கும் குளிர்ச்சி வேண்டும். 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம், தூசு குறைந்த, குளிர்ந்த காற்றுள்ள ஊட்டியில் அமைந்தது அதனால்தான். 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கருப்பு-வெள்ளை ஃபிலிம், போட்டோ காகிதம், எக்ஸ்ரே ஃபிலிம் ஆகியவற்றை அது விற்றது. வண்ணப் படமும், பின்னர் டிஜிட்டலும் சந்தையைப் பிடிக்க, நலிவடைந்து மூடப்பட்டது. இன்று கற்போர் பிரிட்டனின் இல்ஃபோர்டு, அமெரிக்காவின் கோடாக் போன்ற இறக்குமதிச் சுருள்களையே நம்பியுள்ளனர். ஒரு சுருள் வீணானால் இழப்பு பெரிது.

30 லிட்டரா, ஒரு லிட்டரா?

மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீருமே கதி என்ற நிலைக்கு வரும் பகுதி இது. குழாயை நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் 10 நிமிடம் திறந்துவிட்டுக் கழுவினால், ஒரு சுருளுக்கு 30 லிட்டர் செலவாகும். இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் முறையில், டாங்கியை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மூன்றாவதாக 20 முறை கவிழ்த்தால் போதும். 35 மி.மீ. சுருளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரில் வேலை முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பநாடுகளில் படலம் தளராதிருக்கப் படிகாரம் சேர்ந்த, கெட்டிப்படுத்தும் ஃபிக்ஸரைப் பயன்படுத்துவதுண்டு. அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கன முறை போதாது. நீண்ட நேரம் கழுவ வேண்டும். கரைசலைக் குளிர்விக்க ஐஸ் செலவழித்தால் கழுவும் தண்ணீர் மிஞ்சும் என்பதே கணக்கு.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால், உலர்ந்த நெகட்டிவில் வெண்புள்ளிகள் படியும். டெவலப்பர் கலக்கவும் கடைசியாக அலசவும் வாலை வடிநீரைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்க்கலாம்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருப்பதால், அதைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. ஃபிலிமின் நுனித்துண்டு ஒன்றை அதில் இட்டு, புதிய கரைசலைவிட இருமடங்கு நேரம் எடுத்துத் தெளிந்தால், ஃபிக்ஸர் தீர்ந்தது என்று பொருள். அதைத் தனிப் புட்டியில் சேர்த்து இரும்புப் பஞ்சை இட்டு வைத்தால், இரும்பு கரைய, வெள்ளி கசடாகப் படியும். எக்ஸ்ரே கூடங்களின் பழைய ஃபிக்ஸரை வியாபாரிகள் விலை கொடுத்து வாங்கிச் சென்றதும் இந்த வெள்ளிக்காகத்தான்.