பழைய சவரக்கத்தியில் சில்லு பெயர்ந்துவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம்... சாணைக்கல்லில் சரிசெய்வது எப்படி?

பிளேடு மாற்றும் கத்திகள் வந்த பிறகு, தாத்தா காலத்து மடக்கு சவரக்கத்திகள் பெரும்பாலும் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. அவற்றை வெளியே எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது துரு. துடைத்த பிறகு கண்ணில் படுவது, கத்தியின் வாயில் பெயர்ந்திருக்கும் சின்னஞ்சிறு சில்லு.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சில்லு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். முகத்தில் வைத்தால்தான் தெரியும். அந்த இடம் முடியை வெட்டாமல் இழுக்கும், தோலைக் கீறும். ஆனால், அதற்காக கத்தியையே கழித்துவிட வேண்டியதில்லை. சாணைக்கல்லும் பொறுமையும் இருந்தால் போதும். அந்தக் கல்லுக்கும் வடசென்னைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

சில்லு ஏன் பெயர்கிறது?

நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எஃகும் ரொம்ப கடினமானது. கடினமான பொருள் மெல்லியதாக இருந்தால், வளைவதைவிட உடைவதுதான் அதிகம். குழாயில் லேசாக இடித்தாலும், மடக்கும்போது பிடியில் பட்டாலும் சில்லு தெறித்துவிடும்.

இன்னொரு காரணம் துரு. பழைய சவரக்கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகில் செய்தவை, எளிதில் துருப்பிடிக்கும். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருப்பதால் துரு வேகமாக ஏறும். விளிம்பில் விழும் துருக்குழிதான் பிறகு சில்லாக உதிர்கிறது. எனவே, பயன்படுத்தியதும் ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைப்பது அவசியம்.

பெயர்ந்த இடத்தை நிரப்ப முடியுமா?

முடியாது. நகத்தின் ஓரம் உடைந்தால் என்ன செய்வோம்? உடைந்த இடம் மறையும் வரை மற்ற இடங்களையும் சீராக ராவுவோம். இங்கேயும் அதேதான். சில்லு 0.3 மில்லிமீட்டர் ஆழம் என்றால், கத்தியின் வாய் முழுவதும் 0.3 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

அதனால் சிறிய சில்லுகளை மட்டும்தான் வீட்டில் சரிசெய்ய முடியும். அரை மில்லிமீட்டரைத் தாண்டினால், அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பது நல்லது. சில்லில் இருந்து மேல்நோக்கி முடி போல கோடு ஓடினால் அது விரிசல். அந்தக் கத்தியை இனி முகத்தில் வைக்கவே கூடாது.

திருவொற்றியூருக்கும் சாணைக்கல்லுக்கும் என்ன தொடர்பு?

1891-ல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன், செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடாக்கினார். வைரம் கிடைக்கவில்லை. கிடைத்தது சிலிக்கான் கார்பைடு என்ற பளபளப்பான படிகம். அதற்கு அவர் வைத்த பெயர் கார்போரண்டம். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால், இது 9-க்கும் மேல்.

அந்தப் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம், முருகப்பா குழுமமும் அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களும் சேர்ந்து 1954-ல் தொடங்கியது. உப்புத்தாள், சாணைச் சக்கரம் போன்ற தேய்ப்புப் பொருட்களைத் தயாரிக்கும் இதன் ஆலை திருவொற்றியூரில் உள்ளது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இருபக்க கார்போரண்டம் கல், அருவாமனைக்கும் மீன் வெட்டும் கத்திக்கும் சரி. சவரக்கத்திக்கு அதன் 'நைஸ்' பக்கம்கூட முரடுதான். சவரக்கத்திக்கு எண் குறிப்பிட்ட தண்ணீர்க்கல் வேண்டும். எண் கூடக்கூட துகள் சிறியதாகும். ஜப்பானிய அளவுமுறையில் 1000 எண் கல்லின் துகள் சுமார் 11 மைக்ரான், 8000 எண் கல்லின் துகள் சுமார் ஒரு மைக்ரான்.

படிப்படியாகத் தீட்டுவது எப்படி?

1. கத்தியை விளக்குக்குக் கீழே, வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடிக்க வேண்டும். கூராக உள்ள இடம் ஒளியைக் காட்டாது. சில்லு உள்ள இடம் புள்ளியாக மின்னும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

2. கல் சமமாக இருக்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கோடுகள் எல்லாம் மறைந்தால் கல் சமமாகிவிட்டது என்று அர்த்தம்.

3. கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். சமையலறைக் கத்தி போல சாய்வை கையால் பிடிக்கத் தேவையில்லை, முதுகின் தடிமனே சாய்வைத் தீர்மானித்துவிடும். சில்லு எடுக்க நிறைய தேய்க்க வேண்டியிருப்பதால், முதுகு தேயாமல் இருக்க எலெக்ட்ரிக்கல் டேப் ஒரு சுற்று ஒட்டலாம்.

4. முதலில் 1000 எண் கல். கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பது போல, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். கடைசியில் திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை மொத்தமும் வீண். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை முக்கியம்.

5. கல் எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால், விளிம்பை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். மை அழியாத இடத்தில் கல் படவில்லை.

6. சில்லு முழுதாக மறைந்து, கத்தியின் அடி முதல் நுனி வரை எல்லா இடமும் கை முடியை வெட்டினால்தான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். 4000, 8000, முடிந்தால் 12000 என்று ஏறலாம். எண் ஏற ஏற அழுத்தம் குறைய வேண்டும். கடைசிக் கல்லில் கத்தியின் எடையே போதும்.

7. இறுதியாக தோல் வார். இங்கே திசை நேர் எதிர், முதுகு முன்னே போக வேண்டும். வாய் முன்னே போனால் வார் அறுந்துவிடும். 40, 50 முறை இழுத்தால் போதும்.

இதில் பெரும்பாலான நேரத்தை விழுங்குவது 1000 எண் கல்தான். அங்கே அவசரப்பட்டு மேலே போனால், மிச்சம் இருக்கும் சில்லை 8000 எண் கல் எடுக்காது. அதைப் பளபளப்பாக்கி மறைக்க மட்டுமே செய்யும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

காய்கறிக் கத்தி, மீன் கத்தி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சவரக்கத்திக்கு மட்டும் வேண்டாம். சுழலும் சக்கரத்தில் பறக்கும் தீப்பொறியே அங்கே எவ்வளவு சூடு என்பதைச் சொல்லும். தாள் போன்ற விளிம்பு நொடியில் சூடேறிவிடும். 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எஃகு நீலநிறமாகும். அதற்குள் அந்த இடம் பதம் இழந்திருக்கும். பதம் போன இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. இது சாணைக்காரரின் குறையில்லை, சக்கரம் இந்த வேலைக்கானது இல்லை, அவ்வளவுதான்.

தீட்டிவிட்டால் பாதுகாப்பானதா?

கூர் வேறு, சுத்தம் வேறு. இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதைக் கண்டறிந்தனர். அதன் பிறகு பரவிய விழிப்புணர்வால், சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பது வழக்கமானது.

எச்.ஐ.வி மட்டுமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். எனவே, எவ்வளவு அழகாகத் தீட்டினாலும், ஒரு சவரக்கத்தி ஒருவருக்கு மட்டுமே. வீட்டுக்குள்கூட பகிரக் கூடாது. சலூனில் பல பேருக்கு ஒரே கத்தியைப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

தீட்டி முடித்த பிறகும், முகத்தில் வைக்கும் முன் ஒருமுறை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மின்னினாலும், திரும்ப 1000 எண் கல்லுக்குத்தான் போக வேண்டும்.