தம்பிப் பாப்பாவுக்கு என்ன பேரு? வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து!
"இனிஷியலையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க" – சிங்காநல்லூரில் ஒரு பாடம்

கோவை,
பிள்ளை பெறுவது கூடச் சுலபம். பெயர் வைப்பதுதான் பெரும்பாடு! அதுவும் மூத்தது ஒன்று வீட்டில் இருந்து, இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அக்கா பெயருக்கு ஒத்து வர வேண்டும். அப்பாவின் இனிஷியலோடு ஒட்ட வேண்டும். அப்பாருவின் பெயரும் விட்டுப் போகக்கூடாது. ஜோசியர் சொன்ன எழுத்தும் வர வேண்டும். எல்லாம் சேர்ந்து வருமா?

சிங்காநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் குமார். மூத்தவள் யாழினி. பள்ளிக்கூடத்தில் "கு.யாழினி". இப்போது தொட்டிலில் தம்பிப் பாப்பா. அப்பாருவின் பெயர் ரங்கசாமி. காரமடை ரங்கநாதரை வேண்டி வைத்த பெயர். பேரனுக்கும் அதே பெயர்தான் என்று ஆத்தா ஒரே பிடிவாதம்.

"பேரனுக்குப் பாட்டன் பேரு வெக்காம வேற யாரு பேருங் வெக்கறது?"

ஆத்தா கேட்பதிலும் நியாயம் உண்டு. "பேரன்" என்ற சொல்லே "பெயரன்" என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று அர்த்தம். மருதமலையை நினைத்து மருதாசலம், பழனியை நினைத்துப் பழனிசாமி, அவிநாசியை நினைத்து அவிநாசியப்பன் என்று கொங்கு நாட்டில் பெயர்கள் பாட்டனிடமிருந்து பேரனுக்கு இறங்கி வந்தது இப்படித்தான்.

சரி, "ரங்கசாமி" என்றே முடிவு செய்தாயிற்று. அப்போதுதான் அக்காக்காரி நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தாள்.

கு.ரங்கசாமி!

எழுத்துக் கூட்டிப் படித்தாள். "குரங்கசாமி" என்று வந்தது. அவ்வளவுதான், வீடே கொல்லென்று சிரித்தது. சிரிக்காதவர் இரண்டே பேர். ஒருவர் ஆத்தா, இன்னொருவர் அப்பாரு.

சிரிக்கிற விஷயமா?

பெரியவர்களுக்குச் சிரிப்பு. பையனுக்கோ பத்துப் பன்னிரண்டு வருஷத் தொல்லை! வாத்தியார் ஆஜர் எடுக்கும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பெயர் வைத்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். கேலியைத் தாங்குகிறவன் அவன்தான்.

இது தமிழ் இனிஷியல் மட்டும் செய்கிற குறும்பு அல்ல. பாட்டன் பழனிசாமி, தகப்பன் அருணாசலம் என்றால் ஆங்கிலத்தில் "பி.ஏ." ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகும் முன்பே பையன் பி.ஏ.! அதைக் கேலி என்று சொல்ல முடியாது. கௌரவம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பெயர் தேடும்போது பெயரை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தால் போதாது. இனிஷியலோடு சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும், வேகமாக ஒரு தடவை, நிதானமாக ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

குடும்பப் பெயர் எங்கே?

வெளிநாட்டில் இந்தத் தொல்லை வேறு விதம். அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் ஒன்று நிலையாக இருக்கும். நம்மூரில் ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, அந்தப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பலர் விட்டார்கள். இன்று அண்ணன், தம்பி, அக்கா, தங்கையை ஒரே குடும்பம் என்று காட்டுவது அந்த ஒற்றை இனிஷியல்தான்.

உலகத்தில் நாம் மட்டும் இல்லை. ஐஸ்லாந்து நாட்டிலும் அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும். ஆனால் மகனுக்கு "இன்னாரின் மகன்", மகளுக்கு "இன்னாரின் மகள்" என்று முடியும். கூடப் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயரே வேறு! அந்த வகையில் நம் இனிஷியல் தேவலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

ஸ்டூடியோ காலத்துக் கதை

இனிஷியலின் மகிமைக்குச் சிங்காநல்லூரிலேயே சாட்சி இருக்கிறது. இங்கே ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோ கொடிகட்டிப் பறந்தது. 1947-ல் வந்த "ராஜகுமாரி" படம் அங்கே தயாரானதுதான். அதன் கதாநாயகன் எம்.ஜி.ராமச்சந்திரன். அவருடைய அண்ணன் எம்.ஜி.சக்கரபாணி. பெயர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஆனால் "எம்" என்பது மருதூர், "ஜி" என்பது தந்தை கோபாலன். அந்த இரண்டு எழுத்தே இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டது.

அதே படத்துக்கு வசனம் எழுத வந்த இளைஞர் மு.கருணாநிதி. அப்போது சிங்காநல்லூரில்தான் குடியிருந்தார். பின்னாளில் அவர் தன் மகன்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்.

1948-ல் பிறந்தவர் முத்து. பாட்டனார் முத்துவேலரின் நினைவு. 1951-ல் பிறந்தவர் அழகிரி. பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் நினைவு. 1953 மார்ச் 1-ம் தேதி பிறந்தவருக்கு "அய்யாதுரை" என்று வைக்க எண்ணியிருந்தாராம். "அய்யா" என்றால் பெரியார், "துரை" என்றால் அண்ணாதுரை. ஆனால் குழந்தை பிறந்து 4-வது நாள் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். பெயர் மாறிவிட்டது. இன்னொரு மகன் தமிழரசு.

ஒன்று பாட்டன் பெயர், ஒன்று பேச்சாளர் பெயர், ஒன்று ரஷ்யப் பெயர், ஒன்று தனித்தமிழ்ப் பெயர். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஆனால் முன்னால் "மு.க." என்று போட்டதும் நால்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். முதல் எழுத்தில் பாட்டன், இரண்டாம் எழுத்தில் தகப்பன்!

நம் வீட்டுக்கு இந்த வழி ஒத்து வருமா? அப்பாருவை இனிஷியலில் ஏற்றினால் தம்பி "ர.கு." ஆவான். படித்தால் "ரகு". நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா ஏற்கனவே வெறும் "கு." என்று பதிவாகிவிட்டாள். தம்பிக்கு மட்டும் இரண்டெழுத்து என்றால் நாளைக்கு ஏதாவது ஒரு கவுண்டரில், "இவங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?" என்ற கேள்வி வரும்.

கவுண்டரில் மாட்டும் கதை

வீட்டுக்குள் ஒரு எழுத்துக்கு மதிப்பில்லை. கவுண்டருக்கு வெளியே நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கி எழுத முடியாது. விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். அக்காவுக்கு அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, தம்பிக்கு விட்டுவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு கணக்கு! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள விசிட் விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, இன்னொரு பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்!

பெயர்ப் பொருத்தம் என்று அக்கா யாழினி, தம்பி யாழினியன் என்று வைப்பவர்களும் உண்டு. கூப்பிட அழகுதான். ஆனால் இனிஷியலும் ஒன்று, முதல் எழுத்தும் ஒன்று என்றால் சுருக்கி எழுதும்போது யாருக்கு வந்த தபால், யாருடைய மார்க் ஷீட் என்று குழப்பம் வரும். எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டுகிறவர்கள், அந்த எழுத்தைப் பள்ளி, பேங்க், ஆதார் என்று எல்லா இடத்திலும் விடாமல் தூக்கிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் வம்புதான்.

அவசரம் வேண்டாம், மறதியும் வேண்டாம்

நல்ல வேளையாகச் சட்டம் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறது. 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லையா? பெயர் இல்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

ஆனால் இப்போது அசட்டையாக இருக்க முடியாது. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1-ம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர, பாஸ்போர்ட் எடுக்க, ஓட்டர் லிஸ்டில் ஏற, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவது லேசான காரியம் இல்லை. அரசிதழ் அறிவிப்பு வரை அலைய வேண்டிவரும். பெயர் சேர்க்கப் போகும்போது மூத்த பிள்ளையின் சான்றிதழையும் கையில் கொண்டுபோய், அப்பா, அம்மா பெயர் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சரி, குரங்கசாமி கதி என்ன ஆயிற்று?

பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு அப்பாரு வாயிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். "ரங்கன்னாலும் அரங்கன்னாலும் சாமி ஒண்ணுதானுங். முன்னால ஒரு 'அ' போட்டாப் போச்சு!"

அக்காக்காரி மறுபடியும் நோட்டை எடுத்தாள்.

கு.யாழினி. கு.அரங்கன்.

இரண்டும் தமிழ். இனிஷியல் ஒன்று, முதல் எழுத்து வேறு. பாட்டன் பெயரும் நிலைத்தது, பேரன் மானமும் பிழைத்தது!

ஆத்தா மட்டும் இன்னும் "ரங்கா… ரங்கா…" என்றுதான் தொட்டிலை ஆட்டுவாள். ஆட்டட்டுமே. தொட்டிலுக்கு ஏது இனிஷியல்?