கறுப்பு நிறமும் சீதன வீடும்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் இந்துக்களின் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்திருக்க, அவற்றுக்கிடையே கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தகொஸ்தே சபையினர் எனக் கிறிஸ்தவர்களும் சிறு தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். முஸ்லிம் பெண் ஹபாயாவும் முக்காடும் அணிகிறாள். இந்துப் பெண் பொட்டும் பூவும் வைக்கிறாள். கிறிஸ்தவப் பெண்ணோ தான் எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்பதைப் பொறுத்துத் தாலிக்கொடியும் வளையலும் அணிகிறாள், அல்லது காதில் ஒரு தோடும் இல்லாமல் வெள்ளைச் சேலையோடு ஆராதனைக்குப் போகிறாள். உடுப்பில் இத்தனை வேறுபாடு இருந்தும், கல்யாணம் பேசத் தொடங்கியதும் மூன்று சமயத்தாரின் வீடுகளிலும் ஒரே கேள்வி எழுகிறது: பிள்ளை என்ன நிறம்? வெள்ளையா, பொதுநிறமா, கறுப்பா என்ற இந்த அளவுகோலை எந்த வேதமும் விதிக்கவில்லை. ஆயினும் வேதம் வாசிக்கும் வீடுகளிலேயே அது நிலைத்திருப்பதால், அழகு, உடல், தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பவை பற்றிக் கிறிஸ்தவப் பெண்கள் சிந்தித்தவற்றை இக்கரையில் நின்று பார்ப்பது பயனுள்ளது.

இக்கரையின் கல்யாணமுறை தனித்தன்மை உடையது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதுபோல, கிழக்குக் கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் 'குடி' முறை வேரூன்றியுள்ளது. அதாவது ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பது தாயைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. மகளுக்கு வீடு சீதனமாக எழுதப்படுகிறது, மணமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறான், பெற்றோரோ அடுத்த மகளுக்கென இன்னொரு வீட்டைக் கட்டத் தொடங்குகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் இவ்வழக்கத்திலிருந்து பெரிதும் விலகி நிற்பவை அல்ல. பெண்ணின் பெயரிலேயே வீடு இருப்பது தென்னாசியாவின் பல பகுதிகளில் காணமுடியாத பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வீட்டின் அளவும், சேர்த்துக் கொடுக்கும் காசும், வயற்காணியும் பேசப்படும் இடத்திலேயே பெண்ணின் நிறமும் பேசப்படுகிறது என்பதும், நிறத்தில் குறை என்று கருதப்பட்டதைச் சீதனத்தால் ஈடுசெய்யப் பெற்றோர் முனைகிறார்கள் என்பதும் மறுக்கமுடியாதவை. தன் உடலைப் பற்றிய ஒரு பெண்ணின் எண்ணம் அவளுடைய மனத்துக்குள் மட்டும் உருவாவதன்று. தன்னால் வீட்டுக்குக் கூடுதல் செலவு என்று கேட்டு வளரும் பிள்ளை கண்ணாடியில் காண்பது வேறொரு முகமாகவே இருக்கும்.

அழகைப் பற்றி வேதாகமம் சொல்பவை பெண்களுக்குப் பெரும்பாலும் தடைகளாகவே போதிக்கப்பட்டு வந்துள்ளன. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் தலைமயிர்ப் பின்னலையும் பொன் நகையையும் விட்டு உள்ளத்தின் அமைதியே பெண்ணுக்கு அலங்காரமாகட்டும் என்று சொல்வதும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் அதையொத்த அறிவுரை வருவதும், ஏசாயா தீர்க்கதரிசி சீயோன் பெண்களின் அணிகலன்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டிப்பதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பகுதிகள். இவற்றை எழுத்துக்கு எழுத்தாகப் பின்பற்றிய இயக்கங்கள் தமிழரிடையே உண்டு. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊர் ஊராகச் சென்ற தமிழ்ப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றினார்கள். 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தகொஸ்தே மிஷன் வெள்ளை உடையையும் நகையின்மையையும் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது.

நகை துறப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; பவுண் கணக்கில் பெண்ணை மதிக்கும் சமூகத்தில், காதும் கழுத்தும் வெறுமையாக நிமிர்ந்து நடக்கும் பெண் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட மறுக்கிறாள். ஆனால் நகையைக் கழற்றச் சொன்ன அதே சபை நிறத்தைப் பற்றி வாய்திறக்காமல் இருக்குமானால், செய்யவேண்டியதில் பாதியையே செய்திருக்கிறது. நகையைக் கழற்றிவைக்கலாம், தோலைக் கழற்றிவைக்க முடியாது.

ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. பழுப்புக் கண்களோடு பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோது நீலக் கண்களைத் தரும்படி கடவுளிடம் மன்றாடியதையும், மறுநாள் கண்ணாடியில் பழுப்புக் கண்களையே கண்டு ஏமாந்ததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் சேலை உடுத்தி மக்களோடு கலந்து பழக அந்தப் பழுப்புக் கண்களே துணைநின்றன என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுவர். எனினும் உடல் பயன்பட்டதால்தான் அது ஏற்கத்தக்கதாயிற்று என்று இந்த நிகழ்ச்சியைப் படிப்பது போதாது. எந்தப் பயனும் புலப்படாவிட்டாலும் அந்தக் கண்கள் குறையற்றவையே.

வேதாகமத்தில் தன் நிறத்தைப் பற்றித் தானே பேசும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கத்தோலிக்கர் இனிமைமிகு பாடல் என்றும் புரட்டஸ்தாந்தர் உன்னதப்பாட்டு என்றும் வழங்கும் நூலின் முதல் அதிகாரத்தில், எருசலேமின் இளம்பெண்களை நோக்கித் தன் கறுப்பையும் தன் அழகையும் ஒரே மூச்சில் அறிவிக்கும் அவள், கோபங்கொண்ட சகோதரர்கள் தன்னைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் வைத்ததால் வெயில் தன்னைக் கறுக்கவைத்தது என்று காரணமும் சொல்கிறாள். நிழலில் இருப்பவளின் வெண்மை வசதிக்கும், வெயிலில் உழைப்பவளின் கறுப்பு வறுமைக்கும் அடையாளமாகக் கருதப்பட்டது அன்றும் இருந்ததென்பது இதனால் விளங்குகிறது. அம்பாறையின் வயல்களில் களை பிடுங்கும் பெண்ணுக்கும், கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும் அவள் அந்நியள் அல்லள். பிரசங்கங்களில் இந்நூல் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் இடையிலான அன்பின் உருவகமாகவே பெரிதும் விளக்கப்பட்டதால், கறுத்த உடலோடு பேசும் ஒரு பெண்ணின் குரல் அதில் இருப்பது கேட்கப்படாமலே போய்விட்டது.

தோற்றமும் நிறமும் ஒருவரின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்ற செய்தி பக்கத்து வீட்டாரான முஸ்லிம்களின் சமயத்திலும் உண்டு. இறைவன் மனிதரின் தோற்றத்தையன்றி உள்ளத்தையும் செயலையுமே பார்க்கிறான் என்ற கருத்து ஹதீஸிலும், மனிதர் முகத்தைப் பார்க்கையில் கடவுள் இதயத்தைப் பார்க்கிறார் என்பது சாமுவேலின் முதல் நூலிலும் வருகின்றன. வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்பது நபிகளாரின் இறுதிப் பேருரையின் செய்திகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அவர்களுடைய ஹபாயாவையும் முக்காட்டையும் கண்டு, உடலை மறைப்பதை ஒடுக்குமுறையாக மட்டுமே பார்ப்பவர்கள் தென் திருவிதாங்கூரின் வரலாற்றையும் நினைவில் கொள்ளவேண்டும். அங்கே மேலாடை அணிவது உயர்சாதியினரின் உரிமையாக இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை அணியத் தொடங்கியபோது, சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய உடை கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீடித்த இந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக, 1859 ஜூலை 26இல் மன்னரின் பிரகடனம் நாடார் பெண்கள் அனைவருக்கும் மார்பை மறைக்கும் உரிமையை வழங்கியது, உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அப்பெண்களுக்குத் தன்மதிப்பு என்பது அழகு பற்றிய உணர்வாக இருக்கவில்லை. தன் உடலின்மீது தனக்கே உரிமை என்பதாக இருந்தது.

இன்று அந்த உரிமையை இழக்கச் செய்வது சட்டமன்று, சந்தை. இந்தியாவில் 1975இல் அறிமுகமான 'ஃபெயர் அண்ட் லவ்லி' கிறீம் இலங்கையின் சிறு கடைகள் வரை பரவி, வெண்மையே வேலைக்கும் வரனுக்கும் வழி என்று தலைமுறைகளுக்குக் கற்பித்தது. இதற்கெதிராக 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் 'விமென் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபோது அது உலகறிந்ததாயிற்று. கறுத்த தோலை இழிவாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிரான நெறிமுறைகளை இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் வெளியிட்டது. 2020இல் அந்தக் கிறீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாற்றம் சிறிய வெற்றியே, பொருளும் அதை வாங்கும் ஆசையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதைவிட ஆபத்தானவை, லேபலில் உள்ளடக்கம் சரிவர எழுதப்படாமல் பேன்சிக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் கிறீம்கள். இவற்றுள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தந்து வெயிலிலிருந்து காக்கும் மெலனின் என்ற நிறமி உருவாவதை அது தடுப்பதால் தோல் வெளுக்கிறது, ஆனால் அதே பாதரசம் தோல்வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், குறிப்பிட்ட ஓர் அரிய வகையைச் சேர்ந்த 15 பேரில் 13 பேர் வெண்மைக் கிறீம் பூசியவர்கள் எனக் கண்டறிந்தனர்; பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோரின் நோய் தணிந்தது. கறுப்பை ஒரு நோயாக எண்ணி அதற்கு மருந்து தேடியவர்கள் உண்மையான நோயை வாங்கிக்கொண்டார்கள்.

நிறத்தைப் பற்றிய இச்சிந்தனைகள் வடு விழுந்த உடலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது கிழக்கு மாகாணத்தில் தவிர்க்கமுடியாத கேள்வி. உள்நாட்டுப் போரின் வெடிச் சிதறல்களைச் சுமப்பவர்களும், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் தீக்காயத்தோடு உயிர் தப்பியவர்களும் இங்கே வாழ்கிறார்கள். நீயும் அழகுதான் என்று அவர்களிடம் சொல்வது அன்பினால் எழுந்த சொல்லாயினும் ஆறுதலாகப் போதாது. பிறவியிலேயே எலும்புக் குறைபாடு உடையவரான அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் 1994இல் வெளியிட்ட 'தி டிசேபிள்ட் கோட்' என்ற நூலில், உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடருக்குக் காட்டியது ஆணிக்காயமும் விலாக்காயமும் மாறாத உடலையே என்பதை எடுத்துக்கொண்டு, மகிமையடைந்த உடலிலும் காயம் நீக்கப்படவில்லையென்றால், காயப்பட்ட உடல் கடவுளின் சாயலுக்குக் குறைவானதன்று என்று வாதிட்டார். இந்த விளக்கம் அழகு என்ற சொல்லைத் தேடி ஓடாமலே உடலுக்கு மதிப்பைத் தருகிறது. சபைகளின் பெண்கள் ஐக்கியங்களில் படிக்கப்படும் பாடங்களில் இதற்கு இடம் கிடைப்பது நகையைப் பற்றிய இன்னொரு போதனையைவிட எவ்வளவோ மேலானது.

ஆனால் பாடத்தோடு நின்றால் பயனில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் விறாந்தைக்கு அது வந்தாகவேண்டும். இக்கரையில் அதற்கு மற்ற இடங்களில் இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. சீதனமாகப் போகும் வீடு பல வேளைகளில் தாய்க்கு அவளுடைய தாயிடமிருந்து வந்தது, அல்லது தாய் வெளிநாட்டில் பணிப்பெண்ணாக உழைத்த காசில் கட்டியது. ஆகவே அந்தப் பேச்சில் தாயின் சொல்லுக்கு எடை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைக் காரணம் காட்டிக் காசைக் கூட்டிக் கேட்கும்போது, வீடு தருவதற்குச் சம்மதம், நிறத்துக்குக் காசு தருவதற்குச் சம்மதமில்லை என்று அந்தத் தாயே சொல்லலாம். அவளோடு மாமியும் பெரியம்மாவும் சபையின் மூத்த பெண்களும் இருந்து அதையே சொல்லலாம். பத்திரிகைக்குக் கொடுக்கும் மணமகன் தேவை விளம்பரத்திலிருந்து நிறத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிடலாம். கறுத்த பிள்ளையைக் கேட்டு வரும் குடும்பம் கூடுதல் காசு கேட்காமல் வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிலையும் அப்போது தேவைப்படாது, ஏனெனில் அப்படிக் கேட்பது என்ற ஒன்றே பேச்சில் இருக்காது.