நஞ்சின் வழியில் ஒரு மருந்து

பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர் தேறிவிட்டார் என்று வீட்டார் ஆறுதல்படும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் தோளும் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். இதை 1987இல் உலகுக்குச் சொன்னவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிற்றைல்கோலினைச் சிதைக்க உடலில் ஒரு நொதியம் உண்டு. அந்த நஞ்சு முடக்குவது அதைத்தான்.

அதே நொதியத்தைக் கொஞ்சமாகத் தடுத்தால்? 2005இல் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 17 பேருக்கு 30 மில்லிகிராம் பிரிடோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தார்கள். எழுந்து நின்றதும் தறிகெட்டு ஓடிய அவர்களின் இதயம் நிதானப்பட்டது.

அவர்களுக்கு இருந்தது பொட்ஸ். படுத்திருக்கும்வரை தொல்லையில்லை, எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல், பதின்ம வயதினரில் 40க்கு மேல் கூடும். இரத்த அழுத்தமோ பெரிதாக இறங்காது. தலைச்சுற்று, படபடப்பு, களைப்பு எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவதால், “பிரஷர் சரி, ஈசிஜி சரி, பயம்தான் பிள்ளை” என்று அனுப்பிவிடுவது எளிது. கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு கடிகாரம், பிரஷர் பார்க்கும் கருவி போதும். தோட்டப்புற மருந்தகத்திலும் செய்யலாம். இரத்தசோகை, தைரொயிட், நீரிழப்பு இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

காரணம் ஒன்றல்ல. சிலருக்குக் கால் நரம்புகள் பழுதாகி இரத்தம் கீழே தேங்குகிறது. சிலருக்கு இரத்தத்தின் அளவே குறைவு. பலருக்கு கொவிட் போன்ற தொற்றுக்குப் பின் தொடங்குகிறது. உடல் தன்னையே தாக்கும் பிறபொருளெதிரிகள்மீது பலர் நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2022இல் வெளிவந்த கனடிய ஆய்வு, வழக்கமான பரிசோதனையில் அவை ஆரோக்கியமானவர்களிடமும் அதேபோலத் தென்படுவதைக் காட்டியது. ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் நிற்கின்றன என்பதே என் எண்ணம்.

சிகிச்சையில் உப்புதான் நம்மவரைத் திகைக்கவைக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. பொட்ஸ் நோயாளிக்கோ அதன் இருமடங்கு, இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரோடு. உயர் அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு இது ஆகாது. வைத்தியர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது. இடுப்புவரை இறுக்கும் காலுறையும் உதவும். உடற்பயிற்சியை உட்கார்ந்தோ படுத்தோ தொடங்க வேண்டும்; கண்டியில் நடை என்றால் ஏற்றமாயிற்றே!

மருந்திலும் அளவே கணக்கு. 2009இல் புரொப்பனலோல் மருந்தின் இரு அளவுகளை ஒப்பிட்டபோது 80 மில்லிகிராம் நாடியைக் கூடுதலாக இறக்கியது. நோயாளிகளுக்குச் சுகம் தந்ததோ 20 மில்லிகிராம்தான்.